எங்கள் கொட்டகையின் ஆறு தூண்கள்

நீங்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனீர்கள். ஒருத்தி மூன்றாவது வரை, ஒருத்தி ஐந்தாவது வரை. நம் மேஸ்திரி அம்மா மட்டும் எட்டாவது முடித்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். என் கதை வேறு. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை. பள்ளிக்கூடம்தான் என் வீட்டுக்கு வந்தது.

போன வாரம் நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியில் ஒரு மண்புழு நெளிந்து வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "இது ஆறாந்தூணு" என்று சொன்னேன். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். "கெழவிக்குப் பசி மயக்கம் வந்துடுச்சு, ஒரு வாய் கஞ்சி குடுங்கடி" என்றுகூட ஒருத்தி சொன்னாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மழை வந்து ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டோம். அதனால்தான் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் இஷ்டத்துக்குப் பள்ளிக்கூடத் தமிழாக்கிக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசினதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயதோ பதினொரு வயதோ இருக்கும். எங்கள் ஊர் திருவேட்டக்குடிக்கு மேற்கே. கடல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஐப்பசி மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடந்தன. அந்த மழையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கத்து உத்தரம் இறங்கிவிட்டது. நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமை. சின்ன வகுப்புகளை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். பெரிய வகுப்புக்கு இடம் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஓடும் மரமும் வரும் வரைக்கும் எங்கே வைப்பது என்று ஊர்க்காரர்கள் கூடிப் பேசியபோது, எங்கள் அப்பா யாரையும் கேட்காமல், "நம்ம மாட்டுக்கொட்டகை ஒழுகாது, அங்க வச்சிக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அத்தை சும்மா விடுவாளா?

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகிப் போன இடத்தில் ஏழெட்டு வருஷம் பிள்ளை இல்லை. பிறகு மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அவள் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். அம்மாகூட உப்புப் போடுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்ப்பாள். ஆனால் வாசலில் ஒரு கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்றால் அதே அத்தை கொல்லைப்பக்கம் போய்விடுவாள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். இரு என்றும் சொல்ல மாட்டார்கள்.

"ஏண்டா தம்பி, மாட்டை எங்கடா கட்டுறது? உன் தலையிலயா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"உழவு மாட்டைப் பெரியப்பா கொட்டகைக்கு ஓட்டிடுவோம்க்கா. படிக்கிற புள்ளைங்க, பாவம்."

"பசு?"

எங்கள் பசுவுக்கு அப்போது கறவை. இடம் மாற்றினால் பாலை அடக்கிக்கொள்ளும். அது எல்லாருக்கும் தெரியும். கடைசியில் பசு அதன் இடத்திலேயே, கோடித் தூணில் நிற்பது என்றும், மீதிக் கொட்டகை பள்ளிக்கூடத்துக்கு என்றும் முடிவாயிற்று.

நான் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால், காரணம் அந்தப் பசுதான். தம்பி போனான். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டேன். "பொட்டப்புள்ள படிச்சுட்டு வந்து மாட்டுக்குப் பாடமா எடுக்கப்போவுது?" என்று அத்தை சொல்வாள். அப்பாவும் அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இதெல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்ததுதான், நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை.

அறிவியல் சார் வந்தார். திருமலைராயன்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருவார். குடையைச் சட்டைக் காலரில் முதுகுப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு வருவார், பார்ப்பதற்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். முதல் நாள் பழைய கதவு ஒன்றில் கரியும் ஊமத்தை இலைச் சாறும் பூசிக் கரும்பலகை செய்து சாய்த்து வைத்திருந்தோம். அதில் அவர் ஏதோ எழுதத் திரும்பினார். பின்னால் பசு ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான். சார் முதல் வரிசைப் பிள்ளைகளைத் தாண்டிக் குதித்து வாசலுக்குப் போய்விட்டார்.

"அம்மா! யாராவது இதைப் புடிச்சிக்கங்களேன்! எனக்கு மாடுன்னா ஆவாது."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பசுவே மிரண்டது. அத்தை உள்ளேயிருந்து வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "மிருகத்தப் பத்திப் பாடம் எடுக்க வந்தவரு மாட்டுக்குப் பயப்படுறாரு. அடியே, நீ வந்து கயித்தப் புடிச்சிக்கிட்டு அப்படியே நில்லு. வாயத் தொறக்காத."

இப்படித்தான் நான் வகுப்புக்குள் போனேன். பசுவின் கயிறுதான் எனக்குச் சீட்டு. பசு அங்கே நிற்கிறவரைக்கும் நானும் நிற்கலாம். பசு போனால் நானும் போக வேண்டியதுதான்.

சாருக்கு நிஜமாகவே மாடு என்றால் பயமா? பட்டினத்தில் அவர் வீட்டில் இரண்டு எருமை கட்டியிருந்தது என்று ரொம்ப வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள். உண்மையோ பொய்யோ. பயந்தவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு நான் கையெடுத்துக் கும்பிட வேண்டியவள்தான்.

பாடம் என்னவென்றால், உலகத்தில் இருக்கிற உயிர்களையெல்லாம் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது. சார் முதலில் பிள்ளைகளையே பிரிக்கச் சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம், பறவை, பூச்சி எல்லாத்தையும் நீங்களே கூட்டம் சேருங்க பாப்போம்."

எனக்கு நாக்கு அரித்தது. அத்தை சொன்னது ஞாபகம் இருந்தும், மாட்டின் கழுத்துக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன்: "சாமிக்கு வாகனமா இருக்குறதெல்லாம் ஒண்ணு சார். சாமி இல்லாததெல்லாம் ஒண்ணு."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சபாஷ், அதையே பிரிப்போம்" என்று சாக்பீஸை எடுத்தார். பிள்ளைகளுக்குக் குஷி வந்துவிட்டது. பிள்ளையாருக்கு எலி, முருகனுக்கு மயில், சிவனுக்கு மாடு, ஐயனாருக்குக் குதிரை, எமனுக்கு எருமை, வைரவருக்கு நாய் என்று கத்தினார்கள். சனீஸ்வரனுக்குக் காக்கா என்பதை மட்டும் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை காக்காவுக்குச் சோறு வைக்கிற ஊராயிற்றே. இன்னொரு பக்கம் தவளை, நண்டு, நத்தை, இறால், பூனை, மண்புழு.

"தவளைக்கு ஒரு சாமிகூடவா இல்ல சார்?" என்று ஒரு பெண் அழாத குறையாகக் கேட்டது.

"மனுசன் யாருக்கு வாகனம் சார்?" என்று இன்னொருவன் கேட்டான்.

வாசலில் முறத்தோடு நின்ற அத்தை, "வயித்துக்குத்தாண்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சார் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல பிரிவுதான். ஆனா ஒண்ணு யோசிங்க. புள்ளையாரும் முருகனும் அண்ணன் தம்பி. அதுக்காக எலியும் மயிலும் அண்ணன் தம்பி ஆயிடுமா? மேல யாரு ஏறிப் போறாங்கன்னு பாக்காதீங்க. உடம்பப் பாருங்க. உள்ள எலும்பு இருக்கா, வெளிய முடியா இறகா செதிலா, முட்டையா குட்டியா, அதப் பாருங்க."

எங்கள் கொட்டகைக்கு ஆறு தூண். பனைமரத் தூண், கை வைத்தால் சிராய் ஏறும். அந்த ஆறையும் அவர் பங்கு பிரித்தார். முதுகெலும்பு உள்ள உயிர்களுக்கு ஐந்து தூண். மீன் ஒன்று, தவளை வகை ஒன்று, பாம்பும் ஓணானும் ஆமையும் சேர்ந்து ஒன்று, பறவை ஒன்று, பாலூட்டி ஒன்று. முதுகெலும்பே இல்லாத மொத்தக் கூட்டத்துக்கும் ஆறாவது தூண். பாலூட்டித் தூண் எது தெரியுமா? பசு கட்டியிருந்த கோடித் தூண். அதை வேறு எங்கேயும் மாற்ற முடியாதே.

முதுகெலும்பு என்றால் என்ன என்று காட்ட, ஒவ்வொருத்தரும் பக்கத்தில் இருப்பவர் முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கொட்டகை முழுக்கக் கிச்சுக்கிச்சுச் சிரிப்பு. நான் பசுவின் முதுகைத் தடவினேன். தோலுக்கு அடியில் மணிமணியாகக் கோத்த மாதிரி இருந்தது. கடைசி வரிசைப் பெண் ஒருத்திக்கு ஜோடி இல்லை. எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். "சார், இதுக்கும் இருக்கு சார்!" என்றாள். என்னையும் ஒரு வகுப்புப் பிள்ளையாக நினைத்து ஒருத்தி தொட்டது அதுதான் முதல். அந்தக் கை ஈரமாக இருந்தது, சிலேட்டுத் துடைத்த கை. இன்றைக்கும் முதுகில் அந்த ஈரம் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

அப்புறம் தினமும் திருவிழாதான். பிள்ளைகள் வரும்போதே எதையாவது கொண்டுவரும். கொட்டாங்குச்சியில் தவளை, தாமரை இலையில் நத்தை, பானையில் விரால் குஞ்சு, நூலில் கட்டின ஓணான். பார்த்து முடித்ததும் உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பது சாரின் கண்டிப்பு. கொண்டுவர முடியாததை அந்தந்தத் தூணில் சாக்பீஸால் வரைந்துவைப்பார். சாணி வாசம், புண்ணாக்கு வாசம், நனைந்த குடை வாசம், கொசுவுக்குப் போட்ட வேப்பிலைப் புகை எல்லாம் சேர்ந்து ஒரு வாசம் வரும். படித்தவர்களுக்குப் புத்தக வாசம் மாதிரி எனக்கு அதுதான் படிப்பு வாசம்.

ஒரு நாள் மீன்காரம்மா கூடையோடு வந்து மழைக்கு எங்கள் கொட்டகையில் ஒதுங்கினாள். சாருக்கு வாயெல்லாம் பல். "அம்மா, கூடைய ஒரு நிமிசம் காட்டுங்க" என்று வாங்கி, மத்தியை மீன் தூணிலும், இறால், நண்டு, கணவாயை ஆறாவது தூணிலும் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

"வாத்தியாரய்யா, என்னா பண்றீங்க? எங்கூடைய ஏன் பங்கு போடுறீங்க?"

"இறாலு மீன் இல்லம்மா. முதுகெலும்பு கெடயாது. நண்டும் இறாலும்தான் சொந்தம்."

"நல்லாருக்கே! எங்கப்பன் பாட்டன் காலத்துலேருந்து எறா மீனு. நேத்து வந்த நீங்க இல்லங்கிறீங்க. அப்ப நான் யாரு? மீன்காரியா, எறாக்காரியா?"

"நீங்க மீன்காரம்மாதான். நான் சொல்றது இறாலத்தான்."

"அந்தக் கணவாய எங்க வச்சீங்க?"

"அது நத்தைக்குச் சொந்தம்மா."

மீன்காரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், பாருங்கள். "ஐயோ, நத்தைன்னு சொன்னா ஒரு குஞ்சுகூட வாங்காது! உங்க தூணுல என்ன வேணா கட்டிக்கங்க வாத்தியாரய்யா. தெருவுல மட்டும் சொல்லிடாதீங்க." அன்றைக்கு மழை விடும்வரை இருந்து முழுப் பாடமும் கேட்டுவிட்டுத்தான் போனாள். அதற்கப்புறம் எங்கள் வாசலுக்கு வந்தால், "மீனு வேணுமா, நண்டுக்குச் சொந்தக்காரன் வேணுமா?" என்றுதான் கூவுவாள்.

இன்னொரு நாள் தம்பி, மின்கம்பியில் அடிபட்டு விழுந்த ஒரு வௌவாலைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். பறக்கிறது, அதனால் பறவைத் தூண் என்றான். வகுப்பு முழுக்க அதையே சொன்னது. சார் அதை என்னிடம் நீட்டி, "தொட்டுப் பாரு, எப்படி இருக்கு?" என்றார். தொட்டேன். "கன்னுக்குட்டி காது மாதிரி இருக்கு சார்" என்றேன். இறகு இல்லை, முடி. காதுகூட இருந்தது. "அப்ப எந்தத் தூணு?" என்று கேட்டார். நான் பசு கட்டியிருந்த எங்கள் தூணைக் காட்டினேன். சார் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். தம்பி மட்டும் தட்டவில்லை. அவனுக்குக் கோபம்.

அந்தக் கோபத்தை ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தீர்த்துக்கொண்டான். "அத்தை, தெரியுமா? எங்க சார் தூணுல நீயும் பன்னியும் ஒண்ணு. நம்ம பசுவும் பன்னியும் ஒண்ணு. எலி, வௌவாலு, நாயி எல்லாம் ஒண்ணுதான். எல்லாம் பாலூட்டி."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். "பசுவுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை பசுவைக் கழுவி, மஞ்சள் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிடுவாள். தன் நெற்றியில் வைத்துக்கொள்ள முடியாத குங்குமத்தை அதன் நெற்றியில் பெரிதாக வைப்பாள். அன்றைக்குக் குங்குமத்தோடு போனவள் நிமிர்ந்து பார்த்தாள். மாட்டின் தலைக்கு மேலே தூணில் சார் வரைந்த பன்னி, வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அழகாகத்தான் வரைந்திருந்தார்.

சார் சைக்கிளை நிறுத்துவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். "வாத்தியாரே, என்னைப் பன்னியோட கட்டுங்க, கழுதையோட கட்டுங்க. நான் கேக்காத வார்த்தையா? மகாலச்சுமிய எப்படிய்யா பன்னிகூடச் சேத்தீங்க?"

பாவம், மனிதனைச் சேர்த்ததற்குத்தான் சண்டை வரும் என்று அவர் பயந்துகொண்டிருந்திருப்பார். மாட்டுக்காக வரும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அத்தை பன்னியை அழிக்கவில்லை. மாட்டைத்தான் அவிழ்த்தாள். கொல்லையில் வைக்கோல்போருக்குப் பக்கத்தில் ஒரு சார்ப்பு இருந்தது, நாலு கீற்றுப் போட்டது. அங்கே கொண்டுபோய்க் கட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயும் இஞ்சயே இரு. அங்க இனிமே உனக்கு என்னா வேலை?"

சார்ப்புக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வாழைத்தோப்பு, பத்துப் பதினைந்து மரம் இருக்கும். பாடம் நடக்கிற சத்தம் கேட்கும், என்ன சொல்கிறார்கள் என்பது மழையில் கேட்காது. திடீரென்று எல்லாரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் மாடும் நனைந்துகொண்டு நிற்போம். ஒரு தடவை பாம்புச் சட்டை கொண்டுவந்திருந்தார்களாம். நான் பார்க்கவில்லை. எத்தனையோ பாம்புச் சட்டை அப்புறம் பார்த்துவிட்டேன். பார்க்காத அது ஒன்றுதான் கண்ணிலேயே நிற்கிறது.

பசு பாலை அடக்கிக்கொண்டது. கன்றை விட்டாலும் சுரக்கவில்லை. அத்தை காலையிலும் சாயங்காலமும் செம்போடு குந்தி, மடியைத் தடவித் தடவிப் பார்ப்பாள். "குடு தாயி, குடுடி என் தங்கம்" என்று கெஞ்சுவாள். செம்பின் அடி நனையாது.

ஒரு நாள் சாயங்காலம் அப்படி அவள் குந்தியிருந்தபோதுதான் சார் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்கு எட்டாத தூரத்தில், ஒரு வாழைமரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் கன்றைப் பிடித்திருந்தேன்.

"அம்மா, மாடு இல்லாம பாடம் ஓட மாட்டேங்குது."

"பன்னிய வாங்கிக் கட்டிக்குங்க" என்றாள் அத்தை, திரும்பாமலே. "அதுவும் அதே தூணுதானே."

"அந்தப் பொண்ணு நல்லாப் புடிச்சிக்கிட்டு வந்துச்சு."

"எது, மாட்டையா, பாடத்தையா?"

"ரெண்டையும்தான்."

அத்தை கொஞ்ச நேரம் மடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கிற்று. "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பசுவுக்குன்னு தனியா ஒரு தூணு ஒதுக்கிடுங்க. நாளைக் காலையிலேயே நானே ஓட்டியாந்து கட்டுறேன். இவளும் வருவா."

சரி என்று சொல்லுங்கள் சார், சரி என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதானே! தூணுக்கா பஞ்சம்?

சார் தலையைத் தலையை ஆட்டினார். "முடியாதும்மா."

"ஏன்? வரையிறது உங்க கையிதானே?"

"கையி என்னுதுதான். ஆனா பால் குடுத்துக் குட்டிய வளக்குறதெல்லாம் ஒரே கூட்டம். இதுல ஒசத்தி, தாழ்த்தி பாத்துத் தூணு குடுத்தா அப்புறம் அது பாடம் இல்லம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது யோசித்தால், அன்றைக்கு அவர் சரி என்று சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகப் போயிருப்பேன், ஒன்றும் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

அத்தை செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். "இஞ்ச பாருங்க. பொட்டு இல்ல. நாலு நாளா இது பால் குடுக்கல. இப்ப இது எந்தத் தூணு?"

"முன்னாடி குடுத்த மாடுதானேம்மா."

"முன்னாடியும் குடுக்காமலே இருந்தா?" அத்தை அப்போதுதான் திரும்பினாள். "ஒரு நாளும், ஒரு புள்ளைக்கும் குடுக்காதவ ஒருத்தி இருந்தா, அவள எங்க கட்டுவீங்க வாத்தியாரே? நண்டோடயா?"

மழை குடையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சின்னப் பிள்ளை, எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அத்தையின் முகம் பார்க்கப் பயமாக இருந்தது. மாட்டைப் பற்றித்தான் சண்டை என்று வீடு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா அப்படித்தான் நினைத்தார், அம்மா அப்படித்தான் நினைத்தாள்.

சாருக்கு விளங்கிவிட்டது. வாழைமரத்தை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். பசுவின் வால் அவர் மேல் படுகிற தூரம்.

"குடுத்தாத்தான்னு இல்லம்மா" என்றார். "குடிச்சிருந்தாலும் அந்தத் தூணுதான். உங்கம்மாகிட்ட நீங்க குடிச்சீங்கல்ல?"

அத்தை செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு ஒரு தடவை பெருமூச்சு விட்டது.

"அஞ்சு வயசு வரைக்கும் குடிச்சேனாம்" என்றாள். "வெளையாடிட்டு ஓடியாந்து, நின்னுக்கிட்டே குடிப்பேனாம். ஊரே சிரிக்குமாம். இவ அப்பன் பொறந்தப்பறமும் விடலையாம். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான்." சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டாள். நான் அத்தை அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை, பல்லெல்லாம் தெரிந்தது. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, போங்க. நனையிறீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பசு கோடித் தூணில் நின்றது. யார் கொண்டுவந்து கட்டியது என்று நான் கேட்கவில்லை, அத்தை சொல்லவில்லை. பன்னி அதே இடத்தில், அதே வாலோடு இருந்தது. பசுவின் நெற்றியில் குங்குமம் இருந்தது. வெள்ளிக்கிழமைகூட இல்லை, அன்றைக்கு. "என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற? கயித்தப் புடி" என்றாள். நான் பிடித்தேன். இரண்டு நாளில் பாலும் இறங்கிவிட்டது.

அத்தை மாறிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். மழை விடும் வரைக்கும் சாரைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் வாசல்படியில் உட்கார்ந்து கேலி செய்வாள், அதுதான் வித்தியாசம். பாடம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒரு பாவனை.

மார்கழியில் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டு முடித்தார்கள். கொட்டகையில் கடைசி நாள், சார் எல்லாரையும் எழுப்பி நிறுத்தினார். "அவங்கவங்க எந்தக் கூட்டமோ, அந்தத் தூணுக்குப் போங்க பாப்போம்" என்றார். ஓடி வந்தார்கள் பாருங்கள், அத்தனை பிள்ளைகளும்! கோடித் தூணைச் சுற்றி மூச்சு விட இடம் இல்லை. ஒரு குறும்பன் மட்டும் பறவைத் தூணில் போய் நின்று "நான் காக்கா சார்" என்றான். நாலு பேர் இழுத்து வந்தார்கள். நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. முதலிலிருந்தே அங்கேதானே நின்றுகொண்டிருந்தேன்.

"மாடு மிரளுது, தள்ளி நில்லுங்கடா" என்று படியிலிருந்து அத்தை கத்தினாள். அவள் எழுந்து வரவில்லை.

போகும்போது சார் அப்பாவிடம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். அப்பா பொங்கலுக்கு அப்புறம் என்றார். பொங்கல் வந்தது, போனது. அப்பா கெட்டவர் இல்லை, பொங்கலும் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. எழுத்துத் தெரியாமல் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கிறேன், சரிதான். ஆனால் ஒரு புழுவைப் பார்த்தால் அது யாருக்குச் சொந்தம் என்று தெரியும். கடையில் இறாலைக் கையில் எடுத்தால் சிரிப்பு வரும். பூமியில் இருக்கிற அத்தனையும் ஒன்றுக்கொன்று முறை உள்ளது என்று தெரிந்துகொண்டு வாழ்வதற்கும் தெரியாமல் வாழ்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, என்னைக் கேட்டால்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடித்துவிடுகிறேன், பேத்திக்குக் கை வலிக்கிறதாம்.

என் தலைப்பிள்ளை எங்கள் அம்மா வீட்டில்தான் பிறந்தது. நம் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் நாக்கில் முதல் சீனித்தண்ணி வைக்க ஆள் பார்த்துத்தானே கூப்பிடுவோம்? வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று. நாலு பிள்ளை பெற்ற, பூவும் பொட்டுமாக இருக்கிற பெரியம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தை வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான் படுத்தபடியே, "அத்தைய வரச் சொல்லுங்க" என்றேன்.

அறையில் இருந்த எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அம்மா கண்ணைக் காட்டினாள், பேசாதே என்று. "அத்தை வந்தாத்தான்" என்றேன். பெரியம்மா நல்லவர்கள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர்களே எழுந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அத்தை நிலைப்படியிலேயே நின்றாள். கையில் சாணி. "எனக்கு எதுக்குடி இதெல்லாம்? வெளயாடுறியா? ஊரு என்னா பேசும்?"

"கையக் கழுவிட்டு வா அத்தை. பசியில கத்துது."

கழுவினாள். ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம் கழுவினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுண்டு விரலைச் சீனித்தண்ணியில் நனைத்து, பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அந்த விரலைக் கவ்விக்கொண்டது.

"ஏய்" என்றாள் அத்தை. "இழுக்குதுடி."

எல்லாரும் சிரித்தோம். தண்ணி எப்போதோ தீர்ந்திருக்கும். அவள் விரலை எடுக்கவில்லை.